கரம்பா ஓநாயும் சாளையில் தொங்கிய குருணைப் பொட்டலமும்

போன பங்குனியில ஒரு நாள் விடியக்காலம் பால் கறக்கப் போனவன், கொறங்காட்டுப் பட்டியைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டேன். ஏழு செம்மறி, ரெண்டு குட்டி. எதையும் முழுசாத் தின்னிருக்கல. கழுத்தையும் தொடையையும் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருந்துச்சு நாய்க் கூட்டம். கொறங்காடுன்னா தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். காங்கேயம் பக்கம் சுத்தியும் கிளுவை வேலி போட்டு, உள்ள கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் விட்டு வெச்சிருக்கற மேய்ச்சல் காடு. ராத்திரியில ஆடு அங்கயே பட்டியில கிடக்கும். காவலுக்கு ஆள் இருக்காது. தலைமுறையா அப்படித்தான்.

பக்கத்துத் தோட்டத்து மாமா வந்து பார்த்தாரு. "மாப்ள, யோசிக்காத. கோழிக்கறியில குருணை மருந்தப் பெசறி நாலு எடத்துல வெச்சுடு. ரெண்டே நாள்ல ஊரே அமைதியாயிரும்"னாரு. நானும் வாங்கிட்டு வந்தேன். பொட்டலத்தைச் சாளையில ஆணியில மாட்டி வெச்சேன்.

அந்த வாரத்துலதான் என் பொண்ணு கல்லூரி நூலகத்துல இருந்து ஒரு பழைய புத்தகம் கொண்டு வந்தா. எர்னஸ்ட் தாம்சன் சீட்டன்னு ஒருத்தர் 1898ல எழுதினது. தான் அறிந்த காட்டு விலங்குகளைப் பத்தின கதைகள். "அப்பா, இதுல முதல் கதை ஆட்டுக்காரங்க கதைதான், கேளுங்க"ன்னு அவ தமிழ்ல சொல்லச் சொல்லக் கேட்டேன். அதுக்கப்புறம் அந்த ஆளைப் பத்தியும் அந்த ஊரைப் பத்தியும் தேடித் தேடிப் படிச்சேன். அந்த வரலாறைத்தான் இன்னைக்கு உங்களுக்குச் சொல்லப் போறேன்.

இடம், அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடகிழக்கு மூலை. கிளேட்டன்னு ஒரு சின்ன ஊர். ரயில் பாதை போட்டப்ப 1887 வாக்கில் உண்டானது. அதைச் சுத்தி கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மேய்ச்சல் நிலம். அந்த நிலத்துக்கும் அதுக்குள்ள ஓடுற ஆத்துக்கும் பேரு கரம்பா. பேரைக் கேட்டதும் எனக்கு நம்ம 'கரம்பு' ஞாபகம் வந்துது. ரெண்டுக்கும் சம்பந்தம் ஒண்ணும் இல்லை, ஆனா நிலம் பார்க்க அப்படித்தான் இருந்திருக்கும் போல. மேசை மாதிரி தட்டையான குன்றுகள், நடுவுல திடீர் திடீர்னு வெட்டி விட்ட மாதிரி ஆழமான பள்ளத்தாக்குகள், புல்லு, மரம் ரொம்பக் கம்மி.

அந்தப் புல்லை அதுக்கு முன்னாடி மேஞ்சது பைசன் என்கிற காட்டெருமை. கோடிக்கணக்குல இருந்த மந்தை. தோலுக்காகவும், அதை நம்பி வாழ்ந்த பூர்வகுடி மக்களைப் பட்டினி போடவும், ரயில் வண்டியில போற போக்குல வேடிக்கைக்காகவும் சுட்டாங்க. 1889ல கணக்கெடுத்தப்ப வட அமெரிக்கா முழுக்க மிஞ்சியிருந்தது ஆயிரத்துச் சொச்சந்தான். காலியான புல்லுல மாட்டையும் ஆட்டையும் கொண்டாந்து விட்டாங்க. காட்டெருமையைத் தின்னு வாழ்ந்த ஓநாய்க்கு இரை போச்சு. அதே இடத்துல புதுசா, மெதுவா ஓடுற, கொம்பால குத்தத் தெரியாத இரை வந்து நின்னுது. அது வேற என்ன பண்ணும்?

ஆனா ராத்திரி ராத்திரி கிடாரியை இழக்கிற பண்ணைக்காரன் இந்தக் கணக்கெல்லாம் போட மாட்டான். நான் போடலையே. ஒவ்வொரு ஓநாய்த் தலைக்கும் இத்தனை டாலர்னு பரிசு அறிவிச்சாங்க. ஓநாய் வேட்டையே ஒரு தொழிலாச்சு.

கரம்பாவில் ஒரு ஓநாய்க் கூட்டம் மட்டும் யார் கைக்கும் அகப்படல. அதோட தலைவனுக்கு அங்கிருந்த மெக்சிகோக்காரங்க வெச்ச பேரு லோபோ. ஸ்பானிய மொழியில லோபோன்னா ஓநாய்னுதான் அர்த்தம். 'ஓநாய்'னு சொன்னாலே அது ஒண்ணுதான்னு ஆகிப்போச்சு பாருங்க. கூட்டம் பெருசில்லை, அஞ்சாறுதான். ஆனா அஞ்சு வருஷமா தினம் ஒரு மாடு வீதம் போச்சுன்னு பண்ணைக்காரங்க கணக்குச் சொன்னதா சீட்டன் எழுதறாரு. அப்படின்னா ரெண்டாயிரம் தலை மாட்டுக்குத் தாங்கும். கோபத்துல சொன்ன கணக்கு கொஞ்சம் கூடுதலாவே இருக்கலாம். நானும் அன்னைக்கு மாமா கேட்டப்ப 'பத்துப் பன்னெண்டு ஆடு போச்சு'ன்னுதான் சொன்னேன்.

ஒரு சேதி என்னை உட்கார வெச்சுருச்சு. அந்த ஊர் மேய்ப்பர்கள் செம்மறிக் கூட்டத்துல கொஞ்சம் வெள்ளாட்டைச் சேர்த்து ஓட்டுவாங்களாம். செம்மறி மிரண்டா கண்ட திசையில ஓடும். வெள்ளாடு தைரியமா நிக்கும், அதைச் சுத்தி செம்மறி கூடிக்கும். நம்ம பக்கமும் செம்மறியோட நாலு வெள்ளாடு சேர்த்து ஓட்டறது உண்டில்லையா? ஒரு ராத்திரி லோபோ வந்து, நெருக்கி நின்ன செம்மறிகளோட முதுகு மேலயே ஏறி ஓடி, நடுவுல நின்ன வெள்ளாடுகளை முதல்ல அடிச்சுதாம். தலைமை போனதும் மந்தை ஆயிரம் பக்கம் சிதறிப் போச்சு. மந்தைக்குத் தலை யாருன்னு தெரிஞ்சு அடிக்கிற மிருகம். இந்தத் தலைமை விஷயம் கடைசியில வேற விதமாத் திரும்பி வருது, மனசுல வெச்சுக்குங்க.

லோபோ தலைக்கு வெச்ச விலை ஏறி ஏறி 1,000 டாலரைத் தொட்டுது. அந்தக் காலத்துல அது பெரிய காசு. ஆசையில வெளியூர் வேட்டைக்காரங்க வந்தாங்க. டெக்சாஸ்ல இருந்து டானரின்னு ஒருத்தர் ஓநாய் பிடிக்கவே பழக்கின பெரிய நாய்க் கூட்டத்தோட வந்தாரு. அவருக்குச் சமவெளிதான் பழக்கம். இந்தப் பள்ளத்தாக்குகள் புதுசு. பாறை இடுக்குகளுக்குள்ள ஓநாய்கள் பிரிஞ்சு ஓட, நாய்களும் பிரிஞ்சு துரத்த, குதிரை ஆள் பின்னால போக முடியல. சாயங்காலம் ஆறு நாய்தான் திரும்பி வந்துது, அதுலயும் ரெண்டு கிழிபட்டு. மறுபடியும் முயற்சி பண்ணி, நல்ல குதிரை ஒண்ணு பள்ளத்துல விழுந்து செத்த பிறகு ஊருக்கே கிளம்பிட்டாரு. நிலம் தெரியாதவனை நிலமே தோற்கடிக்கும்.

அடுத்து ரெண்டு பேர். ஒருத்தர் கலோன், விஷம் வைக்கிறதுல கெட்டிக்காரர். இன்னொருத்தர் லலோஷ். இது சாதாரண ஓநாய் இல்லை, ஓநாய் உருவத்துல அலையற பேய்னு நம்பி மந்திரமும் சேர்த்தாரு. ரெண்டும் பலிக்கல. கலோன் வீட்டுல இருந்து கூப்பிடு தூரத்துலயே லோபோ குட்டி போட்டு வளர்த்துச்சாம்!

இந்த நேரத்துலதான் சீட்டன் வர்றாரு. இங்கிலாந்துல 1860ல பிறந்து, சின்ன வயசுலயே குடும்பத்தோட கனடா போய் வளர்ந்தவர். அடிப்படையில ஓவியர். பாரிஸ்ல படிச்சவர். தூங்குற ஓநாயை அவர் வரைஞ்ச படம் அங்க பெரிய கண்காட்சியில இடம் பிடிச்சுது. கண்ணு கெட்டுப்போச்சு, கொஞ்ச நாள் தூரிகையைத் தொடாதேன்னு டாக்டர் சொன்னாரு. அப்ப அவருக்குப் பழக்கமான பண்ணை முதலாளி ஒருத்தர், 'எங்க ஊருக்கு வா, ஓநாய்த் தொல்லை தாங்கல'ன்னு கூப்பிட்டாரு. கனடாவில் மானிடோபா பக்கம் ஓநாய் பிடிச்ச அனுபவம் அவருக்கு உண்டு. 1893 அக்டோபர்ல கிளேட்டன் வந்து இறங்கினாரு. வயசு 33. கொஞ்ச நாள்ல முடிச்சுட்டுப் போயிரலாம்னு நினைப்பு.

முதல்ல குதிரை ஏறி நிலத்தைப் பழகினாரு. கூட ஒரு ஆள், வழியெல்லாம் மாட்டு எலும்பு. இந்த நிலத்துல நாயும் குதிரையும் உதவாது, விஷமும் பொறியுந்தான்னு முடிவுக்கு வந்தாரு.

அவர் விஷம் வெச்ச பக்குவத்தைப் படிச்சா ஏதோ சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். புதுசா அறுத்த கிடாரியோட சிறுநீரகக் கொழுப்பும் பாலாடைக்கட்டியும் சேர்த்து பீங்கான் பாத்திரத்துல உருக்கினாரு. இரும்பு வாசம் ஏறக் கூடாதுன்னு எலும்புக் கத்தியில துண்டு போட்டாரு. ஒவ்வொரு துண்டுக்குள்ளயும் வாசம் வெளிய வராத குப்பியில ஸ்ட்ரிக்னினும் சயனைடும் வெச்சு, அதே பாலாடைக்கட்டியால அடைச்சாரு. வேலை முடியற வரைக்கும் கையில கிடாரியோட சூடான ரத்தத்துல தோய்ச்ச உறை. அது மேல மூச்சுக் காத்துகூடப் படல. இந்த ஸ்ட்ரிக்னின் எதுல இருந்து எடுக்கறதுன்னு பார்த்தேன். எட்டிக்கொட்டை! நம்ம ஊர்க் காடுகள்ல நிக்கிற அதே எட்டி மரம். 'எட்டி பழுத்தென்ன'ன்னு நாம ஒதுக்கி வெச்ச மரத்தோட சத்து, அமெரிக்க ஓநாயைக் கொல்லக் கடல் தாண்டிப் போயிருக்கு.

கிடாரியோட ஈரலைக் கயித்துல கட்டி இழுத்துட்டு பத்து மைல் சுத்தி, கால் மைலுக்கு ஒரு துண்டு போட்டாரு. மறுநாள் போய்ப் பார்த்தா முதல் துண்டைக் காணோம். லோபோவோட பெரிய காலடி மட்டும் இருக்கு. ரெண்டாவதும் காணோம், மூணாவதும் காணோம். எங்கயோ செத்துக் கிடக்கப் போவுதுன்னு சந்தோஷமா தடத்துலயே போனாரு. நாலாவது இடத்துல நாலு துண்டும் ஒண்ணாக் குவிஞ்சு கிடந்துது. எதையும் தின்னல. வாயில கவ்விட்டு வந்து குவிச்சு, அது மேல கழிஞ்சு வெச்சுட்டுப் போயிருந்துச்சு.

அந்த விஷம் சும்மாவும் போகல. லோபோவைத் தொடாட்டியும் சின்ன ஓநாய்கள், மத்த சிறு விலங்குகள் செத்துது. சீட்டனே அதை எழுதறாரு. இந்த இடத்துல சாளைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எங்க மணியும் ராத்திரியில சுத்தற நாய்தான். காலையில புல்லுல மேய்ற மயிலுக்கும் கறித்துண்டுக்கும் நடுவுல வேலி ஒண்ணும் இல்லை.

விஷம் தோத்ததும் இரும்புப் பொறி. பாதை முழுக்கப் புதைச்சு வெச்சாரு. லோபோ ஒரு பொறியை மோப்பம் பிடிச்சு நின்னு, சுத்தியும் மண்ணைக் கிளறி, சங்கிலியும் கட்டையும் வெளிய தெரியற மாதிரி பண்ணிட்டுப் போச்சு. 'H' எழுத்து வடிவத்துல பொறி வெச்சு ஏமாத்தப் பார்த்தாரு. அதையும் கண்டுபிடிச்சு, பின்னங்காலால கல்லையும் மண்கட்டியையும் எத்தி விட்டுப் பொறியையெல்லாம் மூட வெச்சுது. மாசக்கணக்கா ஓடிப்போச்சு.

அப்புறம் ஒரு நாள் தடத்துல ஒண்ணு தெரிஞ்சுது. லோபோவோட காலடிக்கு முன்னாடி சின்னக் காலடி ஒண்ணு அடிக்கடி போகுது. கூட்டத்துல தலைவனுக்கு முன்னாடி இன்னொண்ணு போனா அதைக் கடிச்சுக் கொன்னுரும். இதை மட்டும் விட்டிருக்குன்னா? மாட்டுக்காரர் ஒருத்தர் சொன்னாரு, 'கூட்டத்துல வெள்ளையா ஒண்ணு இருக்குது. ஆணா இருந்தா லோபோ விட்டிருக்காது. பெட்டைதான்.' அதோட பேரு பிளாங்கா, ஸ்பானியத்துல வெள்ளைச்சி.

மாசக்கணக்காத் தேடின ஓட்டை கிடைச்சுது. கிடாரியை அறுத்து, தலையை மட்டும் தனியா, வேண்டாம்னு வீசி எறிஞ்ச மாதிரி தள்ளிப் போட்டாரு. அதைச் சுத்திப் பொறி. லோபோ வழக்கம் போலக் கறியைச் சந்தேகப்பட்டு ஒதுங்குச்சு. பிளாங்கா மட்டும் தலையைப் பார்க்கப் போய் மாட்டிக்கிச்சு. கொம்போட கூடின கனமான தலையை இழுத்துட்டே ஓடியிருக்கு. சீட்டனும் துணைக்கு வந்தவரும் குதிரையில துரத்திப் போய், ரெண்டு பக்கமும் சுருக்குக் கயிறு வீசி, எதிரெதிர்த் திசையில இழுத்துக் கொன்னாங்க. அந்தச் சாவை அவர் ஒளிக்காம எழுதியிருக்காரு. செய்யும்போது இருந்ததைவிட பிறகு நினைக்கும்போதுதான் அதிகமாக் கூசுதுன்னு ஒத்துக்கறாரு.

அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து லோபோ கத்துச்சு. அதுவரைக்கும் கேட்ட மிரட்டுற ஊளை இல்லை அது. ஓநாயை எத்தனையோ பார்த்த மாட்டுக்காரங்களே, இந்த மாதிரி ஒரு ஓநாய் கத்திக் கேட்டதில்லைன்னு சொன்னாங்களாம். பிளாங்கா செத்த இடத்தைக் கண்டுபிடிச்சு, குதிரைத் தடத்தை மோந்துட்டு பண்ணை வீடு வரைக்கும் வந்துருச்சு. வாசல்ல இருந்த காவல் நாயைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போச்சு. எச்சரிக்கையே உருவான அந்த மிருகம் முதல் தடவையா எச்சரிக்கையை விட்டுது.

சீட்டனுக்கு அது போதும். பள்ளத்தாக்குக்குள்ள போற ஒவ்வொரு பாதையிலயும் நாலு நாலாப் பொறி, மொத்தம் 130. பிளாங்காவோட உடம்பை அது மேல இழுத்தாரு. அதோட ஒரு காலை வெட்டி எடுத்து, பொறி மேல காலடி பதிச்சாரு. கறியால, கொழுப்பால, விஷத்தால ஏமாத்த முடியாத லோபோ, துணையோட காலடியைப் பார்த்து நடந்து வந்து நாலு காலும் நாலு பொறியில மாட்டிக்கிச்சு.

ரெண்டு நாளா அப்படியே கிடந்திருக்கு. அது அடிச்சுத் தின்ன மாட்டுக் கூட்டமே வந்து சுத்தி நின்னு கத்தியிருக்கு, ஒண்ணும் கிட்ட வரல. முதல்ல வீசின கயித்தைப் பல்லாலயே கடிச்சு அறுத்துச்சு. அப்புறம் ஆள் கூட்டிட்டு வந்து கட்டினாங்க. கழுத்தை இறுக்கற நேரத்துல சீட்டன் நிறுத்தச் சொல்லிட்டாரு. உசுரோடவே கொண்டு போலாம்னாரு. ஏன்னு அவருக்கே அந்த நிமிஷம் தெளிவாத் தெரிஞ்சிருக்காது. கட்டினதுக்கப்புறம் லோபோ முனகவும் இல்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. பண்ணையில சங்கிலியில கட்டி, கறியும் தண்ணியும் வெச்சாங்க. திரும்பிப் பார்க்கல. ஆளுங்களைத் தாண்டி அந்த வெளியையே பார்த்துட்டுக் கிடந்துது. விடியறப்ப அதே நிலையில செத்திருந்துது. உடம்புல சாகற மாதிரி காயம் ஒண்ணும் இல்லை. தேதி 1894 ஜனவரி 31. தூக்கிட்டுப் போய் பிளாங்கா பக்கத்துல கிடத்தினாங்க.

இதுல எவ்வளவு நடந்தது, எவ்வளவு எழுத்தாளர் கைவண்ணம்னு அப்பவும் சண்டை நடந்துது. விலங்குக்கு மனுஷ மனசைப் பூசறாங்கன்னு இந்த மாதிரிக் கதை எழுதினவங்க எல்லாரையும் ஒரு கூட்டம் திட்டுச்சு. ஆனா லோபோ கற்பனை இல்லை. அதோட தோல் நியூ மெக்சிகோவில் சீட்டன் பேர்ல இருக்கிற நினைவு நூலகத்துல இன்னைக்கும் இருக்கு. ஆடு வளர்க்கற எனக்கு இதுல ஒண்ணும் அதிசயமாப் படல. குட்டியை வித்துட்டு வந்த ராத்திரி தாயாடு கத்தறதைக் கேட்டவங்களுக்குத் தெரியும்.

ஜெயிச்ச சீட்டன் அந்த ஜெயிப்பைக் கொண்டாடல. அதே 1894ல கதையைப் பத்திரிகையில எழுதினாரு. அதுல வேட்டைக்காரனைவிட ஓநாய்தான் பெருசாத் தெரியுது. அதுக்கப்புறம் தன் கையெழுத்துக்குக் கீழ ஓநாய்க் காலடி ஒண்ணு வரைஞ்சு வைக்கிறது அவர் வழக்கம். 1910ல அமெரிக்காவில் சாரணர் இயக்கம் தொடங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர். பசங்களைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போய்த் தடம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாரு. கடைசிக் காலத்துல அதே நியூ மெக்சிகோவுக்கே குடிவந்து 1946ல அங்கயே செத்தாரு.

ஆனா ஒருத்தர் மனசு மாறினதால நாடு மாறிடல. 1915ல இருந்து அமெரிக்க அரசாங்கமே சம்பளத்துக்கு ஆள் வெச்சு ஓநாயை ஒழிச்சுது. 1909ல அரிசோனாக் காட்டு இலாகாவுல சேர்ந்த ஆல்டோ லியோபோல்டுங்கற இளைஞரும் அப்படித் தாய் ஓநாய் ஒண்ணைச் சுட்டவர்தான். ஓநாய் இல்லாத மலையில மான் பெருகி, இருக்கிற செடியெல்லாம் மேஞ்சு, மலையே மொட்டையாகறதைப் பார்த்துட்டு, சாகுற அந்த ஓநாயோட கண்ணைப் பத்திப் பல வருஷம் கழிச்சு எழுதினாரு. 1926ல எல்லோஸ்டோன் பூங்காவில் கடைசி ஓநாய்களும் போச்சு. அப்புறம் 1995ல கனடாவில் இருந்து 14 ஓநாயைக் கொண்டாந்து அதே பூங்காவில் விட்டாங்க. 1998ல அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லைக் காட்டுல மெக்சிகோ ஓநாய் 11ஐ விட்டாங்க. இன்னைக்கும் அங்க மாடு வளர்க்கறவங்க கோபமாத்தான் இருக்காங்க. நட்ட ஈடு, குதிரையில சுத்தற காவல் ஆள், வேலின்னு ஏதேதோ பண்ணிட்டுதான் இருக்காங்க. முடிஞ்ச கதை இல்லை இது.

என் கதைக்கு வர்றேன். நாய் ஓநாய் இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தக் காட்டெருமை விஷயம் மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருந்துது. ஒரு ராத்திரி டார்ச் எடுத்துட்டு நாய்த் தடம் பிடிச்சுப் போனேன். சீட்டன் மாதிரி குதிரை இல்லை, டிவிஎஸ் வண்டிதான். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரப் பள்ளத்துல கோழிக்கழிவு மூட்டை மூட்டையாக் கிடந்துது. ராத்திரியில யாரோ கொட்டிட்டுப் போறாங்க. பத்துப் பதினஞ்சு நாய் அதுல விழுந்து கிடந்துது. பச்சைக்கறி தின்னு பழகின கூட்டம். கழிவு கொட்டாத நாள்ல பசிக்கு எங்க போகும்? எங்க பட்டிக்குத்தான். ஊருக்குள்ள தினம் கோழிக்கறி வாங்கறவங்கள்ல நானும் ஒருத்தன்.

மாமாகிட்ட சொன்னேன். "அதெல்லாஞ் செரி மாப்ள, நாளைக்கு உன் ஆட்டைக் கடிச்சா?"ன்னாரு. நியாயமான கேள்விதான். லோபோவுக்கு மாடு கொடுத்தவங்களும் அதைத்தான் கேட்டிருப்பாங்க. ஊர்ல நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் அந்தப் பள்ளத்தை மூடினோம், மூணு வாரத்துல வேற இடத்துல கொட்டிட்டாங்க. இப்ப பட்டியைச் சுத்திக் கம்பி வலை அடிச்சிருக்கேன். பாதிதான் ஆச்சு, மீதி அடுத்த ஆட்டுக் கெடா வித்துத்தான். அதுவரைக்கும் நானும் மாமாவும் முறை வெச்சுக் கொறங்காட்டுல கட்டில் போட்டுப் படுக்கறோம்.

குருணைப் பொட்டலத்தை வாங்கின கடையிலயே திருப்பிக் கேட்டேன், எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. யார் கையும் எட்டாம பரண்ல ஏத்தி வெச்சிருக்கேன். நேத்து என் முறை. நடுச்சாமத்துல ரோட்டுப் பக்கம் நாய்கள் ஊளையிட்டுது. மணி எந்திரிச்சு நின்னு காதை நீட்டுச்சு. நானும் எந்திரிச்சு உட்கார்ந்து, பட்டியில தலைகளை எண்ணினேன். முப்பத்தொண்ணும் இருந்துது.